ரத்தக்குழாயை அடைத்தால் கீமோ எப்படி உள்ளே போகும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் விவசாயம். பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுநோய் என்று மூன்று மாதம் முன்பு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கல்லீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. கே-ராஸ் என்ற மரபணுவைப் பார்க்கும் சோதனையில் மாற்றம் இருப்பதாக வந்ததால், கீமோவோடு பெவாசிசுமாப் என்ற ஊசியையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். "கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தும் மருந்து" என்றார் டாக்டர். அப்பா என்னிடம் கேட்கிறார்: "வாய்க்காலை அடைச்சுட்டா கீமோ மட்டும் எப்படிம்மா உள்ள போவும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு பி.பி. 150/96. இதுவரை அவருக்கு பி.பி. இருந்ததே இல்லை. ஹீமோகுளோபின் 9.2. "ரத்தம் ஊறினால் கட்டியும் ஊறும்" என்று அத்தை சொன்னதிலிருந்து அம்மா மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கணையப் புற்றுநோய்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மட்டும் ஏன் இந்த ஊசி இல்லை? கல்லீரல் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே ஊசியை நிறுத்த வேண்டும் என்கிறார்கள், அது ஏன்? சிங்கப்பூர் மாமா சுறாமீன் குருத்தெலும்பு மாத்திரை அனுப்பியிருக்கிறார், கொடுக்கலாமா?

பி.கு: அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. அடுத்த வாரம் பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறோம்.

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

பின்குறிப்பில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். பல்லைப் பிடுங்காதீர்கள். புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் நிச்சயம் கூடாது. காரணத்தைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன். அதுவரை வலி மாத்திரையைக்கூட நீங்களாக மருந்துக்கடையில் வாங்க வேண்டாம். பி.பி. ஏறியிருக்கும்போது சில வலி மாத்திரைகள் அதை இன்னும் ஏற்றும், சிறுநீரகத்தையும் சோதிக்கும்.

இனி அப்பாவின் கேள்வி. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். படித்தவர்கள், படிக்காதவர்கள் எத்தனையோ பேருக்கு இந்த ஊசியைப் பற்றி விளக்கியிருக்கிறேன். "வாய்க்காலை அடைச்சா மருந்து எப்படிப் போவும்?" என்று திருப்பிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியில்தான் பல வருடம் மண்டையைக் குடைந்துகொண்டார்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல்களுக்கு, ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றக்கூடிய திரவம் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. முயலின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, அந்தத் திரவத்தை ஓடவிட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். அதில் புற்றுசெல்களைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டி குண்டூசித் தலை அளவுக்கு வளர்ந்தது, அதோடு நின்றுவிட்டது. செத்துப்போய்விட்டதா என்றால் இல்லை. அதே கட்டியை எடுத்து எலிக்குள் வைத்தபோது மளமளவென்று பெருத்தது. குடுவையில் இல்லாத ஏதோ ஒன்று எலியிடம் இருந்திருக்கிறது. புதிய ரத்தக்குழாய் முளைக்கும் வசதிதான் அது என்று ஃபோக்மன் ஊகித்தார். கட்டி பெரிதாக வேண்டுமானால் தனக்கென்று குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் எழுதினார். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு, சிரித்தவர்கள் அதிகம்.

அவர் சொன்னதில் கணக்கும் இருந்தது. நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டும் செல் சும்மா இருப்பதில்லை. வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களுக்குத் தூது விடும். தூது எட்டியதும் அந்தக் குழாய்ச் சுவரிலிருந்து புதுக் கிளை முளைத்து, கட்டியைப் பார்த்து நீளும். செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. கே-ராஸ் போன்ற மரபணு மாற்றங்கள் மூச்சு முட்டாதபோதும் இந்தத் தூதைக் கூட்டிவிடும்.

நம் உடம்பு வழக்கமாகக் குழாய் போடுவது நிதானமான வேலை. காயம் ஆறும்போது, கர்ப்பப்பையில், குழந்தை வளரும்போது எல்லாம் அளந்து போடும், முடிந்ததும் நிறுத்தும். கட்டிக்குள் முளைக்கும் குழாய்கள் அப்படியல்ல. வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் பெருத்து ஓரிடத்தில் சுருங்கி, எங்கே போவதென்று தெரியாமல் முட்டி நிற்கும். சுவர் முழுக்க ஓட்டை.

இதை நாங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது, வெள்ளை வெளிச்சத்தை மாற்றி நீலமும் பச்சையும் மட்டும் விடும் வசதி இப்போதைய கருவிகளில் உண்டு. 415 நானோமீட்டர் நீல ஒளியை ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். அதனால் மேலாக ஓடும் நுண்குழாய்கள் பழுப்புக் கோடுகளாகத் துலங்கும். சாதாரணக் குடல் சுவரில் அந்தக் கோடுகள் அரிதாகவே கண்ணில் படும். இன்னும் புற்றாக மாறாத சிறு பாலிப்பில் (குடல் சுவரில் முளைக்கும் சதைமொட்டு) தேன்கூட்டு வலைபோல ஒழுங்காக இருக்கும். புற்றாக மாறிய இடத்தில் அந்த வலை கலைந்து, சில இடத்தில் அறுந்து, நூல்கண்டைப் பூனை கலைத்துப் போட்டதுபோல் ஆகியிருக்கும். பயாப்சி முடிவு வருவதற்கு முன்பே அனுபவப்பட்ட டாக்டரின் முகம் மாறுவது அந்தத் திரையைப் பார்த்துத்தான்.

இந்த ஓட்டைக் குழாய்கள் எளிதில் உடையும். குடல் கட்டியிலிருந்து ரத்தம் கசிவதும், மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு போவதும் இதனால்தான். உங்கள் அப்பாவின் 9.2க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆபரேஷனும் கீமோவும் மீதிக் காரணங்கள். மாதுளைக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது அப்பாவுக்கு அவர் பாஷையிலேயே சொல்லுங்கள். கரை உடைந்த வாய்க்காலை அவர் பார்த்திருப்பார். தலைமடையில் தண்ணீர் தளும்பும், நடுவயல் எல்லாம் வெள்ளக்காடாக நிற்கும், ஆனால் கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது. கட்டியின் நிலைமை அதுதான். குழாயிலிருந்து கசிந்த நீர் கட்டிக்குள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் வெளியிலிருந்து வரும் எதையும் எதிர்த்துத் தள்ளுகிறது. ஆக்சிஜன் கடைமடைச் செல்லுக்குப் போவதில்லை, கீமோவும் போவதில்லை. அப்பா பயப்படுகிற நிலைமை இந்த ஊசி போடுவதற்கு முன்பே அங்கே இருக்கிறது.

ஊசி என்ன செய்கிறது? அந்த வி.இ.ஜி.எஃப். தூதுவனை ரத்தத்திலேயே வழிமறித்துக் கட்டிப்போடுகிறது. தூது இல்லாவிட்டால் முதிராத புதுக் குழாய்கள் வாடிவிடும். மிச்சமிருக்கும் குழாய்களின் ஓட்டை குறையும், கசிவு குறையும், அழுத்தம் இறங்கும். மண்மூட்டை போட்டு உடைப்பை அடைத்ததும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிற மாதிரி, கொஞ்ச காலத்துக்கு மருந்து உள்ளே போக வழி பிறக்கும். இந்த விளக்கத்தை 2001இல் முன்வைத்தவர் ராகேஷ் ஜெயின். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த கெமிக்கல் இன்ஜினியர், டாக்டர் அல்ல. குழாய், அழுத்தம், ஓட்டம் என்று யோசிக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்கிறது. 2004இல் மலக்குடல் புற்றுநோய் உள்ள ஆறு பேருக்கு ஒரே ஒரு டோஸ் பெவாசிசுமாப் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் அளந்து பார்த்தார்கள். கட்டிக்குள் குழாய்களும் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தன, தேங்கிய நீரின் அழுத்தமும் இறங்கியிருந்தது.

ஆறு பேர் என்பது சின்னக் கணக்கு. விஷயம் அதோடு முடியவும் இல்லை. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் 2012இல் செய்த ஓர் ஆய்வில், இதே ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே கட்டிக்குள் போகும் கீமோவின் அளவு குறைந்துவிட்டது. ஆகவே உடைப்பை அடைக்கும் கதை எல்லாக் கட்டியிலும் எல்லா நேரத்திலும் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் நோயில், கீமோவோடு இதைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்பது நோயாளிகளிடம் எண்ணிப் பார்த்த உண்மை.

எவ்வளவு கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரிகளில் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 813 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 15.6 மாதம் தாண்டி இருந்தார்கள், இந்த ஊசியும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 20.3 மாதம் தாண்டி இருந்தார்கள். அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுத்துப் புற்றுநோயை எதிர்க்கும் மருந்துகளில் அங்கே முதலில் அனுமதி பெற்றது இதுதான். ஃபோக்மன் எழுதி 33 வருடம் கழித்து. பின்னால் கீமோ மருந்துகளே மேம்பட்டன. அவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது ஊசியால் கிடைத்த கூடுதல் லாபம் சுருங்கிவிட்டது. இன்னொரு பெரிய ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 9.4 மாதம் ஆனது, அவ்வளவுதான். ஆகவே இது கட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லும் பிரம்மாஸ்திரம் அல்ல. தனியாகக் கொடுத்தால் குடல் புற்றுநோயில் பெரிதாக ஒன்றும் செய்யாது. கீமோவின் கையைப் பலப்படுத்தும் துணை மருந்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. குடல் கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்ற நிலையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று இந்த ஊசியைச் சேர்க்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்த நிலையில் பலன் இல்லை என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. வாசகி அப்பாவின் நிலைமை வேறு, கல்லீரலில் நோய் இருக்கிறது.

கே-ராஸ் விஷயத்திலும் உங்கள் டாக்டர் சரியாகத்தான் போயிருக்கிறார். இடப்பக்கக் குடலில் வந்து, ராஸ் மரபணுக்களில் மாற்றம் இல்லாமல் இருந்தால் வேறு வகை ஊசி கொஞ்சம் முந்தும். மாற்றம் இருந்தால் அந்த வகை வேலை செய்யாது. அந்தச் சோதனையே செய்யாமல் ஊசியைத் தொடங்கிவிடுகிற இடங்களும் உண்டு, என்னிடம் இரண்டாவது ஆலோசனைக்கு வருகிறவர்களின் ஃபைலைப் புரட்டும்போது வயிறு எரியும்.

பக்கத்துக் கட்டில்காரர். வயிற்றுக்குள் இருக்கும் எல்லா உறுப்பின் புற்றுநோயும் ரத்தக்குழாய் விஷயத்தில் ஒரே குணம் உடையவை அல்ல. கணையப் புற்றில் கட்டியைச் சுற்றி நார்த்திசு இறுகிப்போய் இருக்கும், ரத்தக்குழாய்களே குறைவு. ஸ்கேனுக்கான சாய மருந்தை ஏற்றிப் பார்த்தால் மற்ற இடம் பளிச்சென்று இருக்க, கட்டி மங்கலாகத் தெரியும். வறண்ட காட்டில் எந்த வாய்க்காலை அடைப்பது? பெவாசிசுமாப் அங்கே தோற்றுவிட்டது. கணையத்திலேயே வரும் இன்னொரு வகை, ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது, ரத்தம் நிறைந்தது. அதற்கு சுனிட்டினிப் என்ற மாத்திரை பயன்படுகிறது, நோய் அடங்கியிருக்கும் காலத்தை அது ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது. பெயர் ஒன்று, நோய் வேறு.

கல்லீரலிலேயே தொடங்கும் புற்று எதிர்க்கோடி. நல்ல கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது, அங்கே முளைக்கும் புற்றோ தமனி ரத்தத்தையே குடிக்கிறது. ஸ்கேனில் தமனி ரத்தம் வரும் நொடியில் பளிச்சென்று எரிந்து, அடுத்த கட்டத்தில் அணைந்துபோகும் அந்தக் குணத்தை வைத்தே, கல்லீரல் சுருங்கிய நோயாளிகளில் பெரும்பாலும் பயாப்சி இல்லாமல் நோயைச் சொல்லிவிடலாம். அங்கே பெவாசிசுமாப்புக்கு வேறு ஜோடி. அட்டெசோலிசுமாப் என்ற, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தோடு சேர்த்து 2020இலிருந்து கொடுக்கிறோம். அதற்கு முன் உணவுக்குழாயில் வீங்கிய சிரைகள் இருக்கின்றனவா என்று கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், உடைந்தால் ரத்தம் கொட்டிவிடும். இரைப்பைப் புற்றில் பெவாசிசுமாப் ஆயுளைக் கூட்டவில்லை, ஆனால் வி.இ.ஜி.எஃப். வந்து அமரும் பூட்டையே மூடிவிடும் ராமுசிருமாப், முதல் கீமோ பலிக்காமல் போனவர்களுக்கு இரண்டு மாதம் அளவுக்கு ஆயுளைக் கூட்டியது.

உங்கள் அப்பாவின் கல்லீரலில் இருப்பவை கல்லீரல் புற்று அல்ல, குடலிலிருந்து போய் முளைத்தவை. இவற்றிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று தன்னைச் சுற்றி நார் வேலி போட்டுக்கொண்டு உள்ளே புதுக் குழாய் இழுக்கும். மற்றது புது வாய்க்கால் வெட்டவே வெட்டாது, கல்லீரலில் ஏற்கெனவே ஓடும் குழாய்களை ஒட்டியே வளர்ந்து அவற்றைத் தனதாக்கிக்கொள்ளும். பக்கத்து வயல்காரன் வாய்க்காலை இரவோடிரவாக வளைத்துக்கொள்வது மாதிரி. இந்த இரண்டாம் வகையில் நமது ஊசிக்கு அடைக்க ஒன்றும் இல்லை, பலனும் குறைவாகவே இருக்கிறது. எது எந்த வகை என்பது பெரும்பாலும் வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே தெரியும். இந்த ஊசி யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது பி.பி. அதே வி.இ.ஜி.எஃப். நம் நல்ல ரத்தக்குழாய்களுக்கும் தேவைப்படுகிறது. குழாய்ச் சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைத்து இளக்கமாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதைக் கட்டிப்போட்டால் குழாய்கள் இறுகும், பி.பி. ஏறும். எதிர்பார்க்கிற பக்கவிளைவுதான், பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் 150/96ஐச் சும்மா விடவும் கூடாது, மாத்திரை தொடங்க வேண்டிய அளவு. இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கமான பி.பி. மாத்திரைகளிலேயே பெரும்பாலும் அடங்கும். 180/110ஐத் தாண்டினாலோ, பி.பி. ஏற்றத்தோடு கடுமையான தலைவலி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். "பி.பி. ஏறினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். அப்படி ஒரு தொடர்பைச் சில ஆய்வுகள் காட்டியது உண்மை, அதை நம்பி பி.பி.யை விட்டுவைப்பது முட்டாள்தனம்.

சிறுநீரகத்தின் வடிகட்டிக்கும் அந்தப் புரதம் தேவை. அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், பத்து நிமிட வேலை. மூக்கிலிருந்து லேசாக ரத்தம் வரலாம், குரல் கொஞ்சம் கம்மலாம். இவை இரண்டும் பெரும்பாலும் தொல்லைதான், ஆபத்தில்லை. ஆபத்து வேறு. திடீரென்று வயிற்றில் தாங்க முடியாத வலி, வயிறு பலகைபோல் இறுகுவது: குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அந்த 813 பேர் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 1.5 சதவீதம் பேருக்கு நடந்தது. ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது: ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், குறிப்பாக இரவில் அவரோடு இருப்பவருக்கு. கேஸ் என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்த்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் பதினெட்டு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார்.

கல்லீரல் ஆபரேஷனும் பல்லும் ஒரே காரணம்தான். எந்தக் காயமும் ஆறுவதற்குப் புதுக் குழாய்கள் முளைத்தாக வேண்டும். ஊசி அதை அனுமதிக்காது. இந்த மருந்து உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். 40 நாளில் கால்பங்கு மிஞ்சும். ஆறு வாரம் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. அந்த ஆறு வாரத்தில் கீமோவைத் தொடரலாமா என்பதைக் கல்லீரல் சர்ஜனும் புற்றுநோய் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சிகிச்சை நின்றுவிட்டதே என்று கலங்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகும் குறைந்தது 28 நாள், காயம் முழுதாக ஆறும்வரை ஊசி கூடாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு ஊசியின் தேதியையும் எழுதிவையுங்கள், சர்ஜன் முதலில் கேட்பது கடைசி ஊசித் தேதியைத்தான்.

பல் பிடுங்கினால் தாடை எலும்பு திறந்த காயமாக நிற்கும். கீமோவால் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கிற நேரம் வேறு. எங்கள் ஓ.பி.க்கு ஒருவர் இப்படிச் சொல்லாமல் பல் பிடுங்கிவிட்டு வந்தார். ஏழு வாரம் கழித்தும் ஈறு மூடவில்லை, குழிக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அத்தனை நாளும் அவருக்கு ஊசியை நிறுத்தவேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவைப் பல் டாக்டரிடம் இப்போதே காட்டுங்கள், ஆனால் கையில் மருந்துச் சீட்டோடு. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடிந்தால் காயம் இல்லாமல் முடியும். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால், கல்லீரல் ஆபரேஷனுக்காக ஊசியை நிறுத்தப்போகிற அந்த இடைவெளியில் அதையும் பொருத்திக்கொள்ளலாமா என்று இரண்டு டாக்டர்களையும் போனில் பேசவையுங்கள். அதற்குள் முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, உடனே போக வேண்டும்.

அம்மாவின் பத்தியத்துக்கு வருவோம். ரத்தம் வேறு, ரத்தக்குழாய் வேறு. தண்ணீர் பெருகினால் புது வாய்க்கால் தானாக வெட்டப்படுமா? கட்டிக்குக் குழாய் முளைப்பது வி.இ.ஜி.எஃப். தூதால், பேரீச்சையால் அல்ல. ரத்தசோகையை வளர்த்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்காது, அப்பாதான் கிடப்பார். 9.2ஓடு ஒருவர் பெரிய கல்லீரல் ஆபரேஷனுக்குப் போவதை எந்த சர்ஜனும் விரும்ப மாட்டார். மாதுளை, முருங்கைக்கீரை எல்லாம் இன்றிலிருந்தே கொடுங்கள், கூடவே முட்டை, மீன், பருப்பு. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் தோலுரித்துத் தின்னும் பழம் நல்லதுதான், கழுவிய கையால் உரித்தால் போதும். ஆனால் கீரையால் மட்டும் 9.2 ஏறிவிடும் என்றும் இருக்காதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் டிரிப்பில் ஏற்றிவிடலாம், மாத்திரையைவிட வேகமாகப் பலன் தெரியும். அத்தையிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். "ரத்தத்தை நிறுத்தும் மருந்து" என்று நாங்கள் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனதன் மீதியைத்தான் அவர் இட்டு நிரப்பியிருக்கிறார்.

சுறா மாத்திரைக்கும் இதே விஞ்ஞானம்தான் மூலம், அதுதான் வேடிக்கை. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அதில் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டதும் உண்மை. அதிலிருந்து "சுறாவுக்குப் புற்றுநோயே வராது" என்று ஒருவர் கிளப்பிவிட, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சுறாவுக்கும் புற்றுநோய் வரும். வயிற்றுக்குள் போன குருத்தெலும்புப் புரதம் ஆட்டுக்கால் சூப்பு மாதிரி செரித்துப் போகுமே தவிர, கட்டியைத் தேடிப் போகாது. முற்றிய மார்பக, குடல் புற்றுநோய் உள்ளவர்களிடம் முறையாகச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆயுளும் கூடவில்லை, உடம்பும் தெம்பாகவில்லை. ஒருவேளை அது நிஜமாகவே வேலை செய்தால் இன்னும் மோசம், ஆபரேஷன் காயம் ஆறாது. மாமாவின் மனது நல்ல மனது, அடுத்த டப்பாவுக்கு அவர் ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஒரு பி.பி. மெஷின் வாங்கித் தரச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் சுற்றுவதாக இருக்கட்டும். காலையில் காபிக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்து, ஊசித் தேதி எழுதும் அதே நோட்டில் எழுதிவாருங்கள்.